ரங்கூனிலிருந்து ஒரு ராத்திரி வெளியூர்: ரயிலில் போவதா, காரில் போவதா?

கெமண்டைன்காரன் | 2019 நவம்பர் 18

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 7, 8 சனி ஞாயிறு ரங்கூனை விட்டு வெளியே போய் ஒரு ராத்திரி தங்கி வரலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எங்கே, எதில் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. ஆள் ஐந்து பேர்: நான், மனைவி, 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 74 வயதில் அம்மா. என்னிடம் பழைய ப்ரோபாக்ஸ் கார் ஒன்று இருக்கிறது, ஊருக்குள் தினமும் ஓட்டுகிறேன், ஆனால் பெகுவைத் தாண்டி ஓட்டியதில்லை. மனைவிக்குச் சைத்தியோ மலைமேல் இருக்கிற தங்கப்பாறையைப் பார்க்க ஆசை, பிள்ளைகளுக்குக் கடல். அம்மாவைக் கேட்டால் "எங்க கூட்டிப் போனாலும் சரிதாம்ப்பா" என்கிறார், ஆனால் மூன்று நாளாக ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் மோல்மீன் பேச்சுத்தான். பிறந்தது அங்கே, 1963இல் கல்யாணமாகி ரங்கூன் வந்தவர், அதற்கப்புறம் திரும்பிப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு சாவுக்கு. ஒரு ராத்திரியில் மோல்மீன் போய்வர முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ப்ரோபாக்ஸ் டிரைவர் | நவம்பர் 18

தம்பி, கார் கையில் இருக்கும்போது காரிலேயே போங்கள். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், அம்மாவுக்கு முதுகு வலித்தால் இறங்கி நடக்கலாம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு பிரச்சினை இல்லை. மோல்மீன் சுமார் 300 கிலோமீட்டர். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் தௌக்சான் தாண்டி, பெகு தாண்டி, சிட்டாங் ஆற்றைக் கடந்து, மத்தியானத்துக்குள் போய்விடலாம். 6 மணிக்கு மேல் கிளம்பினால் பெகு போய்ச் சேரவே இரண்டு இரண்டரை மணி நேரம் தின்றுவிடும்.

ஆனால் பெகுவைத் தாண்டி ஓட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நம்முடைய வண்டிகள் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டீரிங் வலப்பக்கம், ஆனால் 1970இலிருந்து நாம் ஓட்டுவதும் சாலையின் வலப்பக்கம்தான். ஊருக்குள் இது பெரிதாகத் தெரியாது. இரண்டு வழிச் சாலையில் முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தால் எதிரே என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் உட்கார்ந்திருப்பது சாலையோரத்துப் பக்கம். இடப்பக்க முன்சீட்டில் இருப்பவர்தான் தலையை நீட்டிப் பார்த்து "போ" "இரு" என்று சொல்ல வேண்டும். அந்த சீட்டில் தூங்குகிற ஆளை உட்கார வைக்காதீர்கள். இரண்டாவது, ரங்கூனில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் நம் கண்ணுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எல்லை தாண்டியதும் சந்து பொந்திலிருந்தெல்லாம் வருவார்கள், மூன்று பேர், நான்கு பேர், ராத்திரியில் விளக்கில்லாமல். பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பாதையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். 20 வருஷமாக ஓட்டுகிறேன், நானே ஓட்டுவதில்லை.

தட்டோன் அக்கா | நவம்பர் 19

சைத்தியோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் போன வருஷம் என் மாமியாரைக் கூட்டிப்போய் நான் பட்டது போதும். உங்கள் காரை அடிவாரத்தில் கின்புன்னிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து லாரி, பின்பக்கம் குறுக்கே பலகை போட்டு வரிசைக்கு ஆறு பேர் என்று நெருக்கி உட்கார வைப்பார்கள். ஏறுவதற்குப் படிமேடை கட்டியிருக்கிறார்கள், ஏறிவிடலாம், ஆனால் வளைவுகளில் அது திரும்புகிற வேகத்தில் வயசானவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகும். பாதி வழியில் இறங்கிக் கேபிள் காரில் போகலாம், அது வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அம்மாவுக்கு அது எவ்வளவோ நல்லது. அப்புறம், மேலே போய் ராத்திரி தங்கினால்தான் அந்த இடம் இடமாகத் தெரியும். ஜனங்கள் பாய் விரித்து, போர்வை வாடகைக்கு வாங்கி, முற்றத்திலேயே படுத்து, விடிய விடிய மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் குளிர் எலும்பைத் தொடும். மேலே ஓட்டல் விலையும் அதிகம்.

இன்னொன்று, பாறையில் தங்க இலை ஒட்டுவது ஆண்கள் மட்டும். பெண்கள் கிட்டே போக முடியாது, தள்ளி நின்று கும்பிட வேண்டியதுதான். உங்கள் மனைவிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, அங்கே போய் நின்றபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

ஜன்னலோரம் | நவம்பர் 19

காரைப் பற்றி டிரைவர் அண்ணன் சொன்னதே எனக்குப் போதுமான காரணம். ரயிலில் போங்கள் என்பேன், மோல்மீனுக்கு என்றால் நிச்சயமாக ரயில்தான். காலை ஏழேகால் வாக்கில் ரங்கூனில் கிளம்புகிற வண்டி, ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும், பொழுது சாய்வதற்குள் மோல்மீன். அப்பர் கிளாஸ் டிக்கெட் ஆளுக்கு ஐந்தாயிரம் சாட்கூட ஆகாது. ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் உங்கள் காரின் பெட்ரோல் காசைவிடக் குறைவாகத்தான் வரும். முன்பதிவு போஜோக் ரோட்டில் தனி ஆபீஸ், பெரிய ஸ்டேஷன் கட்டடத்துக்குள் போய்த் தேடாதீர்கள். மூன்று நாள் முன்னதாகக் கொடுப்பார்கள், கொடுக்க ஆரம்பிக்கிற அன்றைக்குக் காலையிலேயே போய் நின்றுவிடுங்கள்.

டிக்கெட் கொடுப்பவரிடம் இடப்பக்க சீட் கேளுங்கள். இதை நான் மூன்று தடவை போய்த்தான் கண்டுபிடித்தேன். காலையில் வண்டி பெகு நோக்கி வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம் அடிக்கும். பெகுவில் பிரிந்து கிழக்கே சிட்டாங் பக்கம் போகும்போது டிசம்பர் வெயில் தெற்கில் நிற்கும், அதுவும் வலப்பக்கம். சிட்டாங் தாண்டித் தெற்கே இறங்கும்போது மத்தியானம் ஆகிவிடும், மேற்கு வெயில், அதுவும் வலப்பக்கம்தான். ஆக இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு நாள் முழுக்க நிழல், சைத்தியோ மலைத்தொடர் முழுவதும் அவர் ஜன்னலில்தான். அம்மாவை அங்கே உட்கார வையுங்கள்.

வண்டி ஆடும். சும்மா ஆடாது, தூக்கிப் போடும். தண்டவாளம் பழசு, அகலமும் ஒரு மீட்டர்தான். பெகு தாண்டி ஒரு இடத்தில் பெட்டி எகிறுகிற எகிறலில் மேலே வைத்த பை மடியில் வந்து விழுந்திருக்கிறது, அதனால் கனமானதைக் காலடியில் வையுங்கள். அம்மாவுக்கு ஒரு தலையணை இடுப்புக்கு, ஒரு மெத்தைத் துண்டு கீழே. கழிப்பறைக்குப் போகிற வேலையை வண்டி நிற்கிற ஸ்டேஷனில் வைத்துக்கொள்ளுங்கள், ஓடும்போது வயசானவர்களால் நிற்க முடியாது. ராத்திரி வண்டியும் உண்டு, ஒரு நாள் மிச்சமாகும் என்று நினைத்து அதில் போகாதீர்கள். இந்த ஆட்டத்தில் யாரும் தூங்க முடியாது, இருட்டில் ஒன்றும் தெரியவும் தெரியாது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. அவித்த சோளம், காடை முட்டை, கடலை வடை, வெட்டிய தர்பூசணி எல்லாம் தலையில் தட்டோடு பெட்டிக்குள் வந்துகொண்டே இருக்கும். ஆனாலும் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். அறுவடை நேரம், இரண்டு பக்கமும் வயலில் ஆள் இறங்கியிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு புளிசாதம் சாப்பிடுவது தனி.

ப்ரோபாக்ஸ் டிரைவர் | நவம்பர் 19

ரயில் அழகுதான், மறுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள் ஜன்னலோரம். சனிக்கிழமை பத்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நேரம். மோல்மீனில் விழித்திருப்பது எத்தனை மணி நேரம்? 74 வயது அம்மாவை 20 மணி நேரம் குலுக்கி எடுக்கச் சொல்கிறீர்கள்.

ஜன்னலோரம் | நவம்பர் 19

நியாயமான கேள்வி. போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் பஸ் ஆறு ஏழு மணி நேரம், ஏசி, சீட் சாயும், ராத்திரி சாப்பாட்டுக்கு ரங்கூன். ஒரு ராத்திரிப் பயணத்தில் போகிற பாதையும் ஊர் பார்ப்பதில் ஒரு பாதி என்பது என் எண்ணம். வருகிற பாதைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, வீடு வந்து சேர்ந்தால் போதும்.

மோல்மீன் கடைக்காரர் | நவம்பர் 20

நம் ஊருக்கு வாருங்கள் ஐயா. ஸ்டேஷனிலிருந்து ஆற்றங்கரை ரோட்டுக்குத் தோன்பெய்ன் (மூன்று சக்கர வண்டி) பிடித்தால் கொஞ்ச நேரம்தான், ஐந்து பேரும் சாமானும் ஒரே வண்டியில் வரலாம். தங்குவதற்கு ஆற்றங்கரைப் பக்கமே பாருங்கள், அம்மா ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் சைத்தன்லான் ஃபயா (புத்த கோவில்) போய்விடுங்கள், மேட்டில் இருக்கிறது, அங்கே நின்றால் ஊர், ஆறு, பீலுத் தீவு எல்லாம் கீழே தெரியும். பிள்ளைகளுக்கு முடோன் பக்கம் இருக்கிற படுத்த புத்தர். சுமார் 180 மீட்டர் நீளம், உள்ளே அறை அறையாகப் போய்ப் பார்க்கலாம், இன்னும் வேலை முடியவில்லை.

மழைக்காலத்தில் கேட்டிருந்தால் வராதீர்கள் என்றிருப்பேன். இந்த ஆகஸ்ட்டில் பவுங் பக்கம் மலை சரிந்து 70 பேருக்கு மேல் போய்விட்டார்கள், மோல்மீன் ரோடே மண்ணுக்குள் கிடந்தது. டிசம்பர் நல்ல மாதம். தைரியமாக வாருங்கள்.

கெமண்டைன்காரன் | நவம்பர் 20

எல்லோருக்கும் நன்றி. மோல்மீன் என்று முடிவு செய்துவிட்டேன், ஜன்னலோரம் சொன்னபடி போக ரயில், வர பஸ். கடல் ஏப்ரல் லீவுக்கு என்று பிள்ளைகளிடம் பேசியாகிவிட்டது. நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "தன்பியூசயா எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாத கதை ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது. தாத்தா ராமநாதபுரம் சீமையிலிருந்து மோல்மீன் மரவாடிக்கு வந்தவர். அவர் தம்பி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தம்பியை ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள் என்று, யுத்தம் முடிந்து ஊரிலிருந்து வந்த கடிதத்தில்தான் தாத்தாவுக்குத் தெரிந்ததாம். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. அண்ணன் இருந்த ஊருக்குப் பக்கத்தில், தன்பியூசயாவில்தான் அந்தப் பாதை வந்து முடிந்தது என்பதை நினைத்து நினைத்துத் தாத்தா சாகும்வரை புலம்பினாராம். அம்மா ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. ஞாயிறு அங்கே போய்விட்டு அன்றைக்கே ரங்கூன் திரும்ப முடியுமா?

பெகு வாத்தியார் | நவம்பர் 21

தம்பி, தயவு செய்து திங்கள்கிழமை ஒரு நாள் லீவு போடுங்கள். மோல்மீனிலிருந்து தன்பியூசயா தெற்கே சுமார் 60 கிலோமீட்டர், போய்வரக் காலை முழுதும் வேண்டும். அதை முடித்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் அம்மாவுக்கு அங்கே நிற்கக்கூட நேரம் கிடைக்காது.

போவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். சயாமிலிருந்து (இப்போதைய தாய்லாந்து) தன்பியூசயா வரை அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17இல் இரண்டு பக்கத்துப் பாதையும் ஒன்று சேர்ந்தது. அதைப் போட்டதில் செத்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த நம் தமிழ் ஜனம் ஏராளம், காலராவிலும் பட்டினியிலும் போனவர்கள். தன்பியூசயாவில் இருக்கிற யுத்தக் கல்லறை போர்க்கைதிகளுக்கு உரியது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொருவருக்கும் பெயர்ப் பலகையோடு அருமையாகப் பராமரிக்கிறார்கள். அதில் உங்கள் சின்னத் தாத்தா பெயர் இருக்காது. தோட்டத் தொழிலாளிக்கு அங்கே பெயர்ப் பலகை கிடையாது. அம்மா வரிசை வரிசையாகத் தேடிவிட்டு ஏமாறக்கூடாது, அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

ரங்கூன் பக்கத்துத் தௌக்சான் கல்லறையில் தூண்களில் பொறித்த பெயர்கள் கிட்டத்தட்ட 27,000, இந்தியப் படையில் இருந்து உடல் கிடைக்காமல் போனவர்கள்தான் அதில் பெரும்பாலோர், நம் பக்கத்துப் பெயர்களும் உண்டு. பிள்ளைகளோடு வருஷா வருஷம் போவேன். சிப்பாய்க்குப் பெயர் எழுதினார்கள், கூலிக்கு எழுதவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆறாது.

போகும் வழியில் சிட்டாங் பாலம் வரும்போது பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள். 1942 பிப்ரவரியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அந்த ஆற்றுப் பாலத்தைத் தானே தகர்த்தது, தன் ஆட்களில் பெரும்பகுதி அக்கரையில் இருக்கும்போதே.

தட்டோன் அக்கா | நவம்பர் 21

படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. அம்மாவை நல்லபடியாகக் கூட்டிப் போய் வாருங்கள் தம்பி.

ஒரு வேலை இருக்கிறது, மறக்காதீர்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் அசல் கையில் இருக்க வேண்டும், நகல் போதாது. என் மாமியாருடையது பச்சை அட்டை, பிற்பாடு குடியுரிமை வாங்கியவர்களுக்குக் கொடுப்பது. முழுக் குடிமக்களின் இளஞ்சிவப்பு அட்டைக்கு எதுவும் கேட்காத ஒரு விடுதியில் பச்சையைப் பார்த்ததும் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள், எங்கே பிறந்தீர்கள், எப்போது வந்தீர்கள் என்று. இந்த மண்ணிலேயே பிறந்தவரிடம் அப்படிக் கேட்டார்கள். அதனால் ரூம் பேசும்போதே போனில் அட்டையைப் பற்றிச் சொல்லி, சரி என்று வாய்விட்டுச் சொன்னபிறகு போங்கள்.

ப்ரோபாக்ஸ் டிரைவர் | நவம்பர் 22

தம்பி, இப்போது நானும் ரயில் பக்கம்தான். தன்பியூசயாவுக்கு மட்டும் மோல்மீனில் ஒரு காரை டிரைவரோடு அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலமே விலை பேசி, காத்திருக்கிற நேரமும் அதில் சேர்த்தி என்று உறுதி செய்துவிடுங்கள். அங்கே போய் நேரத்துக்குத் தகராறு வரக்கூடாது.

கெமண்டைன்காரன் | டிசம்பர் 11

போய் வந்துவிட்டோம். திங்கள் லீவு போட்டேன், இரண்டு ராத்திரி ஆகிவிட்டது, வாத்தியாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இடப்பக்க சீட் கிடைத்தது. சொன்னதுபோலவே நாள் முழுக்க நிழல். சின்னவன் ஆட்டத்தில் ஒரு தடவை வாந்தி எடுத்தான், அப்புறம் சரியாகிவிட்டான். பையை மேலே வைக்காதீர்கள் என்ற பேச்சைக் கேட்காதவர் ஒருவர் எதிர் சீட்டில் இருந்தார், சிட்டாங்குக்கு முன்னால் அவர் பை இறங்கி வந்தது.

அம்மா தட்டோன் வரை சாதாரணமாகத்தான் இருந்தார். அதற்கப்புறம் ரப்பர் தோட்டம் வர ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்தவர்தான், விடவே இல்லை. அவர் காலத்தில் ரயில் மார்த்தபானோடு நின்றுவிடுமாம், இறங்கி ஸ்டீமர் ஏறித்தான் மோல்மீன். 2005இல் பாலம் வந்த பிறகு அவர் ரயிலில் போனதில்லை. வண்டி பாலத்தில் ஏறியதும் வலப்பக்கம் எழுந்துபோய், பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, கீழே எங்கே ஸ்டீமர் துறை எங்கே ஸ்டீமர் துறை என்று தேடிக்கொண்டே இருந்தார். பாலம் நீளமானது, வண்டியும் மெதுவாகத்தான் போகும், ஆனாலும் அவருக்கு அகப்படவில்லை. வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் கூசியது. "இவ்வளவு பெரிய ஆத்தையா நாங்க தாண்டுவோம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு சைத்தன்லான், மரவாடி இருந்த தெரு, முடோன் படுத்த புத்தர். மரவாடி இப்போது இல்லை, அந்தத் தெருவில் ஒரு பாட்டி அம்மாவின் பெயரைச் சொன்னதும் தமிழில் "கிணத்தடி வீடா" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நாங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தோம், அவசரப்படுத்தவில்லை.

திங்கள் காலை தன்பியூசயா. டிரைவர் அண்ணன் சொன்னபடி காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசியிருந்தேன். கல்லறையில் பெயர் இருக்காது என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டேன், ஆனாலும் இரண்டு வரிசை நடந்து பார்த்தார். பிறகு அங்கே ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது, பழைய எஞ்சின் ஒன்றும், அந்தக் காலத்துத் தண்டவாளத்தில் கொஞ்சமும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அம்மா மோல்மீன் சந்தையில் வாங்கிய பூவையும் வெற்றிலை பாக்கையும் பையிலிருந்து எடுத்து, முந்தானையால் ஒரு தண்டவாளக் கட்டையைத் துடைத்து, அதன்மேல் வைத்தார். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சின்னவன் "யாருக்கு ஆச்சி?" என்று கேட்டான். பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். பிள்ளைகள் இருவரும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் பஸ், ராத்திரி எட்டு மணிக்கு வீடு. அம்மாவுக்கு இடுப்பு வலி இரண்டு நாள் இருந்தது, இன்று பரவாயில்லை.

பெகு வாத்தியார் | டிசம்பர் 11

எழுதியதற்கு நன்றி தம்பி. அந்தப் பெயரை ஊர்ப் பெயரோடும், அவர் மலாயா போன வருஷம் எது என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள் பிள்ளைகளிடம். மலாயாவில் எந்தத் தோட்டம் என்று அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பழைய கடிதம் ஏதாவது இருந்தால் அதையும்.

தட்டோன் அக்கா | டிசம்பர் 12

அட்டை விஷயத்தில் சிரமம் ஏதும் வந்ததா தம்பி?

கெமண்டைன்காரன் | டிசம்பர் 12

இல்லை அக்கா. போனிலேயே சொல்லிவிட்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவுக்குத் தரைத்தள அறையே கொடுத்தார்கள். வாத்தியாருக்கு: கடிதம் இருக்கிறதாம், தகரப் பெட்டியில். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கிறோம்.